48,000 பாயிண்டும் ஒரு சிங்கப்பூர் பயணமும்

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். மே மாதப் பள்ளி விடுமுறையில் நான், கணவர், ஒன்பது வயது மகள் மூவரும் ஏழு இரவு சிங்கப்பூர் போகிறோம். 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட் தரும் என் கிரெடிட் கார்டில் 48,000 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. விமான மைலாக மாற்றினால்தான் லாபம் என்கிறார் அலுவலக நண்பர். இன்னும் மூன்று கார்டு வாங்கினால் டிக்கெட்டே இலவசமாகிவிடும் என்றும் சொல்கிறார். அங்கே கைச்செலவுக்கு 2,500 சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியிருக்கிறோம். எந்தக் கார்டைத் தேய்ப்பது? பணமாக எவ்வளவு கொண்டுபோவது? அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. திரும்பி வந்ததும் பில்லை இஎம்ஐ ஆக்கிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் நண்பர் பாயிண்டைப் பற்றி மட்டும் பேசுகிறார். உங்கள் பணம் போகப்போவது வேறு வழியில். அதை முதலில் அடைத்துவிட்டு பாயிண்டுக்கு வருவோம்.

இந்தியக் கார்டை வெளிநாட்டுக் கடையில் தேய்த்தால் வங்கி ஒரு மார்க்அப் கட்டணம் போடும். பெரும்பாலான கார்டுகளில் அது 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் உங்கள் 2,500 டாலர் 1,75,000 ரூபாய். அதில் மார்க்அப்பும் வரியுமாக 7,228 ரூபாய் போகும். அதே செலவுக்கு உங்கள் கார்டு தருவது சுமார் 4,666 பாயிண்ட். ஒரு பாயிண்டை 50 பைசாவுக்கு மாற்றினால்கூட 2,333 ரூபாய்தான். ஆக, பாயிண்ட் கிடைக்கிறதே என்று இந்தக் கார்டை அங்கே தேய்த்தால் கிட்டத்தட்ட 4,900 ரூபாய் கையை விட்டுப் போகும். மார்க்அப் 2 சதவீதம் உள்ள கார்டாக இருந்தால் வரியோடு 2.36 சதவீதம், அதாவது 4,130 ரூபாய். மார்க்அப்பே இல்லாத கார்டென்றால் இந்தச் செலவு பூஜ்யம்.

அதனால் மூன்று கார்டு வேண்டாம். மார்க்அப் இல்லாத ஒன்று போதும். ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்கேப்பியா, வைப்புத்தொகையை ஈடாக வைத்து ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கி தரும் வாவ் போன்றவை இந்த வகை. விண்ணப்பிக்கும் நாளன்று வங்கியின் கட்டணப் பட்டியலைத் திறந்து 'அந்நியச் செலாவணி மார்க்அப்' என்ற வரியை நீங்களே படியுங்கள். இந்த விதிகளை வங்கிகள் அடிக்கடி மாற்றுகின்றன. விளம்பரத்தில் வரும் எண்ணை விட அந்தப் பட்டியலில் இருக்கும் எண்தான் செல்லும். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது கார்டு இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். சிலருக்கு அதிலேயே மார்க்அப் குறைவாக இருக்கும், தெரியாமல் வைத்திருப்பார்கள்.

மூன்று கார்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உங்கள் வீட்டுக் கடன். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். இரண்டு மாதத்துக்குள் மூன்று விசாரணை, மூன்று புதுக் கணக்கு என்று தெரிந்தால் கடன் தரும் வங்கி காரணம் கேட்கும், ஸ்கோரும் இறங்கும். புதுக் கார்டுக்குத் தரும் வரவேற்பு போனஸ் பாயிண்டின் கணக்கும் வெளியில் தெரிவது போல இருக்காது. 10,000 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்றால் ஜிஎஸ்டியோடு 11,800. போனஸ் வர வேண்டுமானால் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரு பெரிய தொகையைச் செலவழித்தாக வேண்டும். வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக்குக் கட்டுவது போன்றவற்றைப் பல கார்டுகள் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கடைசியில் தேவையில்லாத ஒரு ஃபிரிட்ஜை வாங்கி இலக்கை முடிப்பவர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் 48,000 பாயிண்ட். ஒரே பாயிண்டுக்கு ஒரே கார்டிலேயே நாலு விலை இருக்கும். உங்கள் வகைக் கார்டுகளில் பில்லில் கழித்துக்கொண்டால் 20 பைசா, பரிசுப் பட்டியலில் மிக்ஸியோ கூப்பனோ வாங்கினால் சுமார் 35 பைசா, வங்கியின் பயணத் தளத்தில் விமானமோ ஓட்டலோ போட்டால் 50 பைசா, விமான மைலாக மாற்றினால் இரண்டு பாயிண்டுக்கு ஒரு மைல் என்ற மாதிரி இருக்கும். உங்கள் கார்டின் எண்கள் கொஞ்சம் மாறலாம், உள்ளே போய்ப் பாருங்கள். இந்த விலைகளை வைத்துப் பார்த்தால் உங்கள் பாயிண்ட் 9,600 ரூபாயாகவும் இருக்கலாம், 16,800 ஆகவும் இருக்கலாம், 24,000 ஆகவும் இருக்கலாம். பில்லில் கழிப்பதுதான் எளிது, அதனால் அதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள். பாயிண்டின் மதிப்பில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது.

மைல்தான் லாபம் என்பது நீண்ட தூரத்துக்கு, அதிலும் பிசினஸ் வகுப்புக்கு, பெரும்பாலும் உண்மை. டிக்கெட் விலை லட்சத்தைத் தாண்டும் இடத்தில் மைலின் மதிப்பு ஏறும். உங்கள் பயணம் நாலரை மணி நேரத்துக்குள் முடியும் எகானமி பயணம். மைலின் மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரே கணக்குதான்: பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலையோ, அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். வரியைக் கழிக்க மறப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஒரு வழி எகானமிக்கு 20,000 மைல், பணவிலை 16,000 ரூபாய், அதில் வரி 3,500 என்று உதாரணத்துக்குப் போடுவோம். மிச்சமாவது 12,500. ஒரு மைலுக்கு 62 பைசா வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மைலுக்கு நீங்கள் இரண்டு பாயிண்ட் கொடுத்தீர்கள். ஆக ஒரு பாயிண்டுக்கு 31 பைசா. வங்கித் தளத்தில் அதே பாயிண்டுக்கு 50 பைசா கிடைக்கும். 40,000 பாயிண்டைக் கொடுத்து 12,500 ரூபாய் மிச்சம் பிடிப்பதா, 20,000 ரூபாய் மிச்சம் பிடிப்பதா? மைலாக மாற்றினால் ஒருவருக்கு ஒரு வழிதான் வரும். மீதி 4,000 மைல் கணக்கில் கிடக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். போதாததற்கு நீங்கள் மூவரும் பெட்டியோடு சென்னை போய் ஏற வேண்டும். உங்கள் ஊரிலிருந்தே ஸ்கூட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் நேராகப் பறக்கும்போது இதற்கு அவசியமில்லை.

என் பரிந்துரை: பாயிண்ட் முழுவதையும் வங்கியின் பயணத் தளத்தில், திருச்சி நேர் விமானத்துக்கே பயன்படுத்துங்கள். போடுவதற்கு முன் அதே விமானம், அதே நாள், அதே பெட்டி எடை என்று வைத்து விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் விலை பாருங்கள். வங்கித் தளத்தில் சில நூறு ரூபாய் கூட இருப்பது சகஜம். மூன்று பேருக்கும் போக வர சேர்த்து 2,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தால் உங்கள் 50 பைசா 45 ஆகிவிட்டது என்று பொருள். அப்போதும் பரிசுப் பட்டியலை விட மேல்தான், ஆனால் தெரிந்து செய்யுங்கள். முழுத் தொகையையும் பாயிண்டில் கட்டப் பல தளங்கள் விடாது. 70 சதவீதம் வரை பாயிண்ட், மீதி கார்டில் என்பது போல வரம்பு இருக்கும். மூவரின் டிக்கெட்டையும் ஒரே பதிவாகப் போட்டால் உங்கள் 24,000 ரூபாய் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

இந்த வழியில் சிக்கல் வருவது பெட்டியிலும் பெயரிலும். குறைந்த கட்டண விமானங்களில் அடிப்படை விலையில் செக்-இன் பெட்டி சேராமல் இருக்கலாம். பிறகு விமான நிலையத்தில் சேர்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே எடையைச் சேர்த்துவிடுங்கள். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து போட வேண்டும். நம் ஊரில் கார்டில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது முழுப் பெயராக விரிந்திருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். காலியாக இருந்தால் என்ன எழுத வேண்டும் என்பது விமானத்துக்கு விமானம் மாறும். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிட்டே போடுங்கள். வங்கித் தளம் வழியாகப் போட்ட டிக்கெட்டில் பின்னால் பெயர் திருத்த விமான நிறுவனம் தளத்தைக் கைகாட்டும், தளம் நிறுவனத்தைக் கைகாட்டும்.

இதே முதலெழுத்துச் சிக்கல்தான் மைல் கணக்கிலும் ஆளைக் கவிழ்க்கும். என்றைக்காவது மைலாக மாற்றினால் வங்கிக் கணக்கின் பெயரும் மைல் கணக்கின் பெயரும் ஒத்திருக்க வேண்டும். முதலில் இருக்கை காலியாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே பாயிண்டை அனுப்புங்கள். அனுப்பியது திரும்பி வராது. வந்து சேரச் சில நிமிடமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். அதற்குள் இருக்கை போய்விட்டால் மைல் மட்டும் கையில் நிற்கும்.

ஓட்டல் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. தளத்தில் விலை ரூபாயில் காட்டும், கார்டிலும் ரூபாயாகவே பிடிக்கும். ஆனால் அந்த நிறுவனத்தின் கணக்கு வெளிநாட்டில் பதிவாகியிருந்தால் வங்கி அதை வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்றே எடுத்துக்கொண்டு 1 சதவீதமோ, சில வங்கிகளில் முழு மார்க்அப்போ போட்டுவிடும். ஒரு அடையாளம்: பணம் கட்டும்போது ஓடிபி கேட்காமலே முடிந்துவிட்டால் அது வெளிநாட்டுக் கணக்காக இருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு. இந்தியாவில் பதிவான தளங்கள் பெரும்பாலும் ஓடிபி கேட்கும். சந்தேகம் இருந்தால் மார்க்அப் இல்லாத கார்டில், சிங்கப்பூர் டாலரிலேயே கட்டுங்கள். ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியைப் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், அதுவரை பணம் முடங்கும். கார்டில் கட்டினால் 2 சதவீதம் கூடுதல் என்று ஏஜென்ட் சொன்னால், 1.3 சதவீத மதிப்புள்ள பாயிண்டுக்காக அதைக் கொடுக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றமாகக் கட்டிவிடுங்கள்.

வரி பற்றிய இன்னொரு பயம் வீண். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவு வெளிநாட்டுக்கு ஒருவர் ஆண்டுக்கு எவ்வளவு பணம் அனுப்பலாம் என்று சொல்லும் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் (எல்ஆர்எஸ்) வரம்பில் சேராது, அதற்கு டிசிஎஸ்ஸும் இல்லை. 2023 ஜூன் 28 அன்று நிதி அமைச்சகம் இதை அறிவித்தது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே புதுக் கார்டு கையில் இருக்க வேண்டும். 2020 மார்ச் 16க்குப் பிறகு தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். ரிசர்வ் வங்கியின் விதி அது. செயலியில் போய் வெளிநாட்டுக் கடை, ஆன்லைன், தொட்டுக் கட்டுவது என்று தனித்தனியாக இயக்கி, நாள் வரம்பும் வையுங்கள். பின் எண்ணை ஊரிலேயே ஒரு கடையில் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபின் பின் எண் தவறு என்று வந்தால் மூன்றாவது முறை கார்டு பூட்டிக்கொள்ளும். உங்கள் இந்திய எண் அங்கே எஸ்எம்எஸ் வாங்கும்படி ரோமிங்கை இயக்கிவிடுங்கள். ஓடிபி அதில்தான் வரும். ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு என்று இரண்டை இருவர் பையில் பிரித்து வையுங்கள்.

அங்கே கடையில் நடப்பதை அருகிலிருந்து பார்ப்போம். சிராங்கூன் சாலையில் 100 டாலருக்கு வாங்கிவிட்டு கார்டை நீட்டுகிறீர்கள். இந்தியக் கார்டு என்று தெரிந்ததும் மெஷின் திரையில் இரண்டு வரி வரும்: சிங்கப்பூர் டாலர் 100.00, கீழே இந்திய ரூபாய் 7,350.00. கடைக்காரர் மெஷினை உங்கள் பக்கம் திருப்புவார், அல்லது 'ரூபாயில்தானே?' என்று கேட்டு அவரே அழுத்திவிடுவார். ரூபாய் என்றதும் நமக்குக் கணக்கு தெளிவாகத் தெரிகிறதே என்று மனசு சாயும். இந்த மாற்று விகிதத்தைப் போடுவது உங்கள் வங்கி இல்லை, கடையின் மெஷின் நிறுவனம். 5 சதவீதம் ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கிறார்கள். அதன் மேல் பல வங்கிகள் 1 சதவீதமும் வரியும் போடுவதால் 7,350 ரூபாய் பில்லில் 7,437 ஆக நிற்கும். மார்க்அப் இல்லாத கார்டில் டாலரை அழுத்தியிருந்தால் 7,000. உங்கள் பழைய கார்டிலேயே டாலரை அழுத்தியிருந்தாலும் 7,289தான். ஆகவே எந்தக் கார்டாக இருந்தாலும் டாலர். 'சிங்கப்பூர் டாலர், ப்ளீஸ்' என்று கார்டை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள். ரசீது ரூபாயில் வந்துவிட்டால் கடையை விட்டு வெளியே வராமல் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் வங்கியிடம் வாதாடிப் பயனில்லை. கையெழுத்தோ பின் எண்ணோ போட்டதால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கேயும் மாற்றம் வேண்டாம் என்ற பொத்தான்தான். கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நொடியே ஒரு கட்டணம் விழும், வட்டி அன்றிலிருந்தே ஓடும், பாயிண்டும் கிடையாது. டெபிட் கார்டில் ஒரே முறையாக எடுங்கள், அல்லது 300 டாலர் நோட்டாக ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். ஹாக்கர் சென்டர் என்னும் மலிவு உணவுக்கூடங்களில் பல கடைகள் ரொக்கமோ உள்ளூர் க்யூஆரோதான் வாங்கும். மூவருக்கு ஒரு வாரத்துக்கு அந்த 300 டாலர் போதும்.

எம்ஆர்டி என்னும் மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டைத் தொட்டே போகலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை இருவருக்குத் தொட முடியாது. ஏறும்போது தொட்டதையே இறங்கும்போதும் தொட வேண்டும். போனில் ஏற்றிய கார்டும் கையில் உள்ள கார்டும் மெஷினுக்கு இரண்டு வேறு கார்டு, மாற்றித் தொட்டால் கூடுதல் கட்டணம் விழும். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 சிங்கப்பூர் சென்ட் நிர்வாகக் கட்டணம் இருக்கிறது. மகளுக்கு ஈஸி-லிங்க் என்னும், முன்பணம் ஏற்றிய பயண அட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டலில் முன்பணமாக 100, 200 டாலரைப் பிடித்துவைப்பார்கள். அது செலவு இல்லை, லிமிட்டில் நிறுத்திவைப்பது. அறையைக் காலி செய்த பிறகும் விடுபடச் சில நாள், சமயத்தில் இரண்டு மூன்று வாரம் ஆகும். டெபிட் கார்டையோ, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டையோ இதற்குக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் மாட்டிக்கொள்ளும். பழைய கிரெடிட் கார்டை இதற்கு மட்டும் நீட்டுங்கள், கடைசி நாள் பில்லைப் புதுக் கார்டில் கட்டுங்கள். ஒரே கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கினால் 9 சதவீத ஜிஎஸ்டியில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும், பெட்டியை உள்ளே அனுப்புவதற்கு முன் பதிவு செய்ய வேண்டும்.

கார்டுதாரர்களை இலவசமாக விடும் விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சை நம்பிச் சாப்பாட்டுத் திட்டம் போடாதீர்கள். உள்நாட்டு லவுஞ்ச் சலுகை சாங்கியில் செல்லாது. வெளிநாட்டு லவுஞ்சுக்கு உரிமை உள்ள கார்டிலும் அது பெரும்பாலும் கார்டுதாரருக்கு மட்டும்தான். உடன் வருபவர்களுக்கான கட்டணம் அடுத்த மாத பில்லில் டாலரில் வந்து நிற்கும். கார்டோடு வரும் விபத்துக் காப்பீட்டை மருத்துவக் காப்பீடு என்று எண்ணிவிடவும் வேண்டாம். மூவருக்கும் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள்.

கடைசியாக இஎம்ஐ. வேண்டாம். இஎம்ஐ ஆக்கிய தொகைக்குப் பல வங்கிகள் பாயிண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், செயலாக்கக் கட்டணமும் வட்டியும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் வரும். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் இன்னும் மோசம். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,75,000 ரூபாய்க்கு ஒரே மாதத்தில் 6,125 ரூபாய், அதற்கு மேல் வரி. இந்தப் பதிலில் மிச்சம் பிடித்த மார்க்அப் முழுவதும் முப்பது நாளில் போய்விடும். கிளம்புவதற்கு முன்பே 1,75,000 ரூபாயை ஒரு தனிக் கணக்கில் எடுத்து வைத்து, முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அவ்வளவு எடுத்துவைக்க முடியவில்லை என்றால் ஏழு இரவை ஐந்தாக்குங்கள். ஊர் வந்து சேர்ந்த அன்றே செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். அடுத்த இரண்டு பில்லிலும் ஓட்டல் முன்பணம் விடுபட்டதா, நீங்கள் போகாத இடத்தின் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இருந்தால் அன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.